பதினேழாவது ஷரத்து

வேலைக்கான ஆர்டர் கைக்கு வந்ததும் நாம் அதைப் படிக்கிற லட்சணம் எல்லோருக்கும் தெரியும். முதலில் சம்பளம். வருஷத்துக்கு இத்தனை லட்சம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கும் வரி. அப்புறம் பிடித்தமெல்லாம் போக மாதம் கைக்கு என்ன வரும் என்று செல்போனில் ஒரு கணக்கு. அப்புறம் பதவியின் பெயர். அதில் 'மேனேஜர்' என்ற வார்த்தை இருந்தால் உடனே அம்மாவுக்கு ஒரு போன். பிறகு பன்னிரண்டு பக்கத்திலும் கீழே கையெழுத்து. பாக்கியை யாரும் படிப்பதில்லை. நாம் படிப்போம் என்று கம்பெனியும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்த்திருந்தால் எழுத்தை அவ்வளவு பொடியாகப் போட்டிருக்காது.

அந்தப் பொடி எழுத்தில், ரகசியம் காக்கும் ஷரத்துக்கும் ராஜினாமா ஷரத்துக்கும் நடுவில், அடக்கமாக ஒரு பத்தி உட்கார்ந்திருக்கும். அதன் சாரம் இது:

'இந்த ஒப்பந்தத்தினால் எழும் சகல தகராறுகளும் ஒரே ஒரு மத்தியஸ்தரிடம் விடப்படும். அவரைக் கம்பெனியின் மேனேஜிங் டைரக்டர் நியமிப்பார். மத்தியஸ்தம் மும்பையில் நடக்கும். மத்தியஸ்தரின் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.'

இதுதான் ஆர்பிட்ரேஷன் ஷரத்து. ஒரு கம்பெனியில் 17-வது, இன்னொன்றில் 22-வது. நம்பர்தான் மாறும். "இது என்ன மேடம்?" என்று கேட்டால், "ஸ்டாண்டர்டா எல்லாருக்கும் போடறதுதான் சார்" என்பார் ஹெச்.ஆர். அம்மணி. வாஸ்தவம். கல்யாண மண்டபத்துச் சுவரில் தீயணைக்கிற சிவப்பு சிலிண்டரும்தான் ஸ்டாண்டர்டாக மாட்டியிருக்கிறது. பந்தல் பற்றிக்கொள்கிறபோதுதான் அதில் எந்தப் பின்னை இழுக்க வேண்டும் என்று நாலு பேர் தேடுவார்கள்.

பந்தல் பற்றுவதற்கு முன்பே அந்தப் பின் எங்கே என்று பார்த்துவிடலாம்.

* * *

ஒரு பேச்சுக்கு சுந்தரம் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 34. கம்பெனிக்கு மும்பை, இவருக்குக் கோயமுத்தூர். டெபுடி ஜெனரல் மேனேஜர், விற்பனை. மாதம் 1 லட்சம். கீழே இருபது பேர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஒரு இ-மெயில்: 'தங்கள் சேவை இனி தேவையில்லை.' ஐந்து முப்பத்திரண்டுக்கு லேப்டாப் உள்ளே விடமாட்டேன் என்கிறது. போன வருஷத்து இன்சென்டிவ் 9 லட்சம் பாக்கி. மூன்று மாத நோட்டீஸ் சம்பளம் 3 லட்சம். ஆக மொத்தம் 12 லட்சம்.

சுந்தரத்தின் முதல் ஆவேசம்: "லேபர் கோர்ட்ல பாத்துக்கறேன்!"

அங்கேதான் இடிக்கிறது. சேர்ந்த அன்று அம்மாவுக்கு போன் போட வைத்த அந்த 'மேனேஜர்' பட்டம் இப்போது குறுக்கே நிற்கிறது. லேபர் கோர்ட் தொழிலாளிக்கு. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்புப்படி, நிர்வாக வேலை பார்க்கிறவர் தொழிலாளி இல்லை. மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவரும் இல்லை. பழைய 1947-ம் வருஷத்துச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே கதைதான், தொகைதான் குறைச்சல்.

விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் கோர்ட் பார்க்காது. 1994-ல் ஒரு செருப்புக் கம்பெனியின் கடை மேனேஜர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொன்னது: பட்டம் முக்கியமில்லை, முக்கியமாக என்ன வேலை செய்கிறார் என்பதைப் பார். அந்தக் கடை மேனேஜர் செய்தது நிர்வாக வேலைதான் என்று சொல்லி அவரைத் தொழிலாளி இல்லை என்றும் தீர்மானித்தது. இதில் நமக்கு ஒரு சௌகரியமும் உண்டு. 'மேனேஜர்' என்று பட்டம் கொடுத்து நாள் பூராவும் எக்ஸெல் ஷீட் நிரப்ப வைத்திருந்தால், நீங்கள் சட்டப்படி தொழிலாளியாகவே இருக்கலாம். அப்போது லேபர் கோர்ட் கதவு திறந்தே இருக்கும், 17-வது ஷரத்து என்ன சொன்னாலும் சரி. 2012-ல் ஒரு விமானக் கம்பெனி ஊழியர்கள் வழக்கில் பம்பாய் ஹைகோர்ட் அப்படித்தான் சொன்னது.

சுந்தரத்துக்கு இருபது பேரை மேய்க்கிற வேலை. அந்த வழி இல்லை. "சரி, சிவில் கோர்ட்டுக்குப் போறேன்." போகலாம். ஆனால் கம்பெனி வக்கீல் முதல் வேலையாக எழுந்து, "17-வது ஷரத்து இருக்கிறது யுவர் ஆனர்" என்பார். 1996-ம் வருஷத்து ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, செல்லத்தக்க ஷரத்து இருந்தால் கோர்ட் கேஸை மத்தியஸ்தத்துக்கு அனுப்பிவிடும். ஆக, சுற்றிச் சுற்றி சுப்பனின் கொல்லைக்கே வந்தாயிற்று.

* * *

மத்தியஸ்தத்தை ஆரம்பிக்க கோர்ட் வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம், நல்ல நாள் பார்க்கவும் வேண்டாம். ஒரு கடிதம் போதும். சட்டத்தின் 21-வது பிரிவு இரண்டே வரி. அதன் பொருள்: 'இந்தத் தகராறை மத்தியஸ்தத்துக்கு விட வேண்டும்' என்ற கோரிக்கை எதிர்த் தரப்புக்குப் போய்ச் சேருகிற தேதியில் மத்தியஸ்தம் ஆரம்பமாகிறது. நீங்கள் எழுதிய தேதி கணக்கில்லை, தபாலில் போட்ட தேதியும் கணக்கில்லை. சேர்ந்த தேதி. (ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் அதன்படி. ஷரத்தில் ஏதாவது மத்தியஸ்த நிறுவனத்தின் பெயர் இருந்தால் அந்த நிறுவனத்தின் விதிப்படி.)

கடிதம் என்றதும் நம்மவர்கள் எழுதுகிற கடிதம் ஞாபகம் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு, பாதி வாக்கியம் கொட்டை எழுத்தில், சேர்மன் முதல் செக்யூரிட்டி வரை காப்பி போட்டு: 'எட்டு வருஷம் நாயாய் உழைத்த எனக்கு இதுதான் மரியாதையா?' மனசு ஆறும். மத்தியஸ்தம் ஆரம்பமாகாது. கோரிக்கை எங்கே? இல்லையே! நாளைக்கு மத்தியஸ்தர் முன்னால் கம்பெனி வக்கீல் இதை ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டத்தான் உபயோகப்படும்.

வேண்டியது ஐந்து விஷயங்கள்.

ஒன்று, எந்த ஒப்பந்தம், என்ன தேதி, எத்தனையாவது ஷரத்து. ஷரத்தின் வாசகத்தை அப்படியே எடுத்து எழுதிவிடுவது நல்லது.

இரண்டு, என்ன தகராறு. எந்தத் தேதியில் எது வர வேண்டியிருந்தது, எது வரவில்லை. அரைப் பக்கம் போதும். நாய் வேண்டாம்.

மூன்று, எவ்வளவு பாக்கி, வட்டி உட்பட என்ன கேட்கிறீர்கள். ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும். விட்டதைப் பிறகு சேர்க்கலாம்தான். ஆனால் 2011-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னபடி, கடிதத்தில் இல்லாத பாக்கிக்குக் காலக்கெடு எண்ணும்போது இந்தக் கடிதத்தின் தேதி கைகொடுக்காது.

நான்கு, அந்த ஒற்றை வாக்கியம்: 'மேற்கண்ட தகராறை 17-வது ஷரத்தின்படி மத்தியஸ்தத்துக்கு விடுமாறு இதன்மூலம் கோருகிறேன்.' இதுதான் அந்த சிலிண்டரின் பின். இது இல்லாத பத்துப் பக்கக் கடிதம் வெறும் புலம்பல்.

ஐந்து, மத்தியஸ்தராக யார் இருக்கலாம் என்று உங்கள் யோசனை, 30 நாளுக்குள் சம்மதம் சொல்லும்படி கேட்டு.

ஒரு எச்சரிக்கை. சில ஷரத்துகளில் 'முதலில் 30 நாள் சுமுகமாகப் பேச வேண்டும்' என்று ஒரு படி இருக்கும். அதைத் தாண்டிக் குதிக்காமல், பேச அழைத்து ஒரு கடிதம் எழுதி அந்த 30 நாளையும் கழித்துவிட வேண்டும்.

அனுப்புவது எங்கே? ஒப்பந்தத்தில் நோட்டீஸ் அனுப்ப என்று விலாசம் கொடுத்திருந்தால் அங்கே. கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கும் ஒன்று. இ-மெயிலிலும் ஒன்று. பழைய ரிஜிஸ்டர் தபாலை 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். பரவாயில்லை, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, டெலிவரி ஆன தேதியை போஸ்டல் வெப்சைட்டில் பார்த்து ஒரு பிரின்ட் எடுத்து வையுங்கள். உங்கள் வழக்கின் பிறந்த தேதி அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

"வாங்கமாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டா?" என்பீர்கள். சட்டம் எழுதினவர்கள் நம் ஊர் போஸ்ட்மேனைப் பார்த்தவர்கள். ஆபீஸ் விலாசத்தில் சேர்த்தாலே சேர்ந்ததாகத்தான் கணக்கு என்கிறது 3-வது பிரிவு. விசாரித்தும் விலாசமே கிடைக்கவில்லை என்றால், கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்கு அத்தாட்சியோடு அனுப்பினால் போதும்.

* * *

தேதிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? காலக்கெடு சட்டம் என்று ஒன்று 1963-லிருந்து இருக்கிறது. சம்பளப் பாக்கி, ஒப்பந்த மீறல் இரண்டுக்கும் 3 வருஷம்தான். மத்தியஸ்தத்துக்கும் அது பொருந்தும். பாக்கி விழுந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் உங்கள் கடிதம் அங்கே சேர்ந்திருக்க வேண்டும்.

3 வருஷம் என்பது கேட்க நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹெச்.ஆர். என்கிற துறையைக் குறைத்து எடைபோடாதீர்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு மெயில். 'ஃபைனான்ஸில் கேட்டிருக்கிறோம்' என்று ஒரு மெயில். 'புது டைரக்டர் வந்ததும் பேசுகிறேன்' என்று ஒரு போன். தீபாவளிக்கு ஒரு வாழ்த்து. இப்படியே ரெண்டரை வருஷம் ஓடிவிடும். சும்மா கடிதம் எழுதிக்கொண்டும் பதில் வாங்கிக்கொண்டும் இருப்பதால் கெடு நீளாது என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பாக்கி உண்டு என்று கெடுவுக்குள் கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும். எந்த ஹெச்.ஆர். அப்படி எழுதித் தரும்?

அன்பாகப் பேசுங்கள், தப்பில்லை. காலண்டரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு பேசுங்கள்.

* * *

அடுத்தது மத்தியஸ்தர். 'மேனேஜிங் டைரக்டர் நியமிப்பார்' என்று ஷரத்து சொல்கிறதே? மாமியார் மருமகள் சண்டைக்கு மாமியாரின் தங்கையை நடுவராகப் போட்ட மாதிரி இல்லையா? சட்டத்துக்கும் அது தோன்றியது. 2015-ல் 12-வது பிரிவில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, கம்பெனியின் ஊழியர், ஆலோசகர், வியாபாரத் தொடர்பு உள்ளவர் இவர்கள் யாரும் மத்தியஸ்தராக முடியாது என்றார்கள். 2019-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு படி மேலே போனது. தகராறின் முடிவில் அக்கறை உள்ளவர், தானும் மத்தியஸ்தராக முடியாது, தனி மத்தியஸ்தரைத் தன்னிஷ்டத்துக்கு நியமிக்கவும் முடியாது.

இதற்கு ஒரே விலக்கு: தகராறு வந்த பிறகு இரு தரப்பும் எழுத்தில் 'பரவாயில்லை' என்று சொன்னால் சரி. ஆகவே உங்கள் கடிதத்துக்குப் பதிலாக, 'இன்னாரை நியமித்துள்ளோம், சம்மதம் என்று கையெழுத்திட்டு அனுப்பவும்' என்று ஒரு தாள் வந்தால் பேனாவை மூடி வையுங்கள். ஏற்கெனவே பன்னிரண்டு பக்கம் படிக்காமல் கையெழுத்துப் போட்டது போதும்.

30 நாளில் ஒத்துவரவில்லை என்றால் 11-வது பிரிவுப்படி ஹைகோர்ட்டில் மனு போடலாம். ஹைகோர்ட் ஒருவரை நியமிக்கும். எந்த ஹைகோர்ட்? அங்கேதான் 'மும்பை' என்கிற வார்த்தை கடிக்கிறது. மத்தியஸ்தத்தின் ஆசனம் மும்பை என்று ஒப்புக்கொண்டிருந்தால் பம்பாய் ஹைகோர்ட். விசாரணையை வேறு ஊரிலோ வீடியோவிலோ வைத்துக்கொள்ளும்படி மத்தியஸ்தரைக் கேட்கலாம். ஆசனம் நகராது. ஊர் பற்றிய ஷரத்தை கோர்ட்டுகள் லேசில் தள்ளுவதில்லை. 2025 ஏப்ரலில் ஒரு தனியார் வங்கி ஊழியர்கள் விஷயத்தில், மும்பை கோர்ட்டில்தான் வழக்கு என்று வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததை சுப்ரீம் கோர்ட் செல்லும் என்றது. பாட்னாவிலும் டெல்லியிலும் வழக்குப் போட்டவர்கள் மும்பைக்குத்தான் போக வேண்டியதாயிற்று.

* * *

செலவு? கோர்ட் நீதிபதிக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. மத்தியஸ்தருக்கு நாம்தான். சட்டத்தின் நாலாவது அட்டவணையில் ஒரு மாதிரிக் கட்டணம் இருக்கிறது. 5 லட்சம் வரை 45,000 ரூபாய். அதற்கு மேல் 20 லட்சம் வரை, கூடுதல் தொகைக்கு 3.5 சதவீதம். சுந்தரத்தின் 12 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் 69,500. ஒரே மத்தியஸ்தர் என்றால் அதற்கு மேல் கால் பங்கு. ஆக 86,875. பொதுவாக ஆளுக்குப் பாதி: 43,437 ரூபாய் ஐம்பது காசு. கம்பெனி பதிலுக்கு ஒரு கோரிக்கை வைத்தால் அதற்குத் தனி மீட்டர். வக்கீல் ஃபீஸ், டிக்கெட், லாட்ஜ் எல்லாம் தனி. ஜெயித்தால் தோற்றவர் தலையில் செலவைப் போடலாம் என்று சட்டம் சொல்கிறது. 'யார் ஜெயித்தாலும் முழுச் செலவும் ஊழியருடையது' என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தால் அது செல்லாது. 31ஏ பிரிவுப்படி, தகராறு வந்த பிறகு ஒப்புக்கொண்டால்தான் செல்லும்.

இதனால் சின்னத் தொகைக்கு மத்தியஸ்தம் கட்டுப்படியாகாமல் போகலாம். 60,000 ரூபாய் பாக்கிக்கு 45,000 கட்டணம் என்றால், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம். அப்போது நேரில் உட்கார்ந்து பேசி முடிப்பதே புத்திசாலித்தனம்.

காலம்? மத்தியஸ்தர் வந்ததும் இரு தரப்பு மனுக்களுக்கு 6 மாதம். அது முடிந்து 12 மாதத்துக்குள் தீர்ப்பு. இருவரும் சம்மதித்தால் இன்னும் 6 மாதம். அதற்கு மேல் போனால் கோர்ட்டின் அனுமதி வேண்டும். இருவரும் ஒத்துக்கொண்டால் 29பி பிரிவில் ஒரு துரித வழி உண்டு: காகிதங்களை மட்டும் பார்த்து 6 மாதத்தில் தீர்ப்பு. முதல் கடிதத்திலேயே இதைக் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்கிற தீர்ப்புக்கு கோர்ட் டிகிரியின் பலம் உண்டு. அதைத் தள்ளச் சொல்லி மனுப் போடலாம், ஆனால் முழு வழக்கையும் மறுபடி முதலிலிருந்து நடத்துகிற அப்பீல் கிடையாது. இது வசதியா சங்கடமா என்பது யார் ஜெயித்தார் என்பதைப் பொறுத்தது.

* * *

இந்த ஆயுதம் இரண்டு பக்கமும் கூர். கம்பெனியும் உங்கள் மேல் மத்தியஸ்தம் ஆரம்பிக்கலாம். சென்னையில் ஒரு கம்பெனி செய்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு உதவி மேனேஜர், பாக்கிச் சம்பளத்துக்காக அதற்கென்று உள்ள சட்டப்படி அதிகாரியிடம் போனார். நீக்கத்தை எதிர்த்துத் தொழில் தகராறு சட்டத்தின் கீழும் போனார். கம்பெனி, அவர் ரகசியத்தை மீறிவிட்டார் என்று சொல்லி மத்தியஸ்தம் கேட்டது. ஹைகோர்ட் மத்தியஸ்தரை நியமித்தும்விட்டது. ஆனால் 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. இது சட்டத்தைத் துஷ்பிரயோகம் செய்வது என்று சொல்லி, கம்பெனி அவருக்கு 5 லட்சம் ரூபாய் செலவுத்தொகை கொடுக்கவும் உத்தரவிட்டது. பெரிய ஆபீஸ் லெட்டர்ஹெட்டில் 'மத்தியஸ்தம்' என்று ஒரு நோட்டீஸ் வந்தாலே ஆடிப்போக வேண்டியதில்லை என்பதற்கு இதைச் சொல்கிறேன். ஆடிப்போகாமல் பதில் மட்டும் போட்டுவிட வேண்டும். பேசாமல் இருந்தால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வரும்.

இன்னும் கையெழுத்துப் போடாத பாக்கியசாலிகள் மூன்று மாற்றம் கேட்டுப் பார்க்கலாம்: ஆசனம் நீங்கள் வேலை பார்க்கும் ஊர், மத்தியஸ்தர் இருவர் சம்மதத்தோடு, மத்தியஸ்தர் கட்டணம் கம்பெனியுடையது. "பாலிசி இல்ல சார்" என்பார்கள். பெரிய பதவி என்றால் சில சமயம் இறங்கியும் வருவார்கள். கேட்டதற்காக ஆர்டரைத் திருப்பி வாங்கிக்கொள்கிற கம்பெனியாக இருந்தால், அதையும் சேருவதற்கு முன்பே தெரிந்துகொண்டது லாபம்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்ட பெரும்பான்மையோருக்கு ஒரு சின்ன வேலை. ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், இன்சென்டிவ் கடிதங்கள், இதெல்லாம் உங்கள் காகிதங்கள். இவை ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் இருந்தால் அந்த ஐந்து முப்பத்திரண்டுக்குப் பிறகு கிடைக்காது. இன்றைக்கே ஒரு செட் பிரின்ட் எடுத்து வீட்டு பீரோவில், எல்.ஐ.சி. பாலிசிக்குப் பக்கத்தில் வையுங்கள். (கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். அது ரகசிய ஷரத்து. அப்புறம் மத்தியஸ்தத்தை அவர்கள் ஆரம்பிப்பார்கள்.)

வைக்கும்போது ஒரு தரம் படித்துவிடுங்கள். சம்பளத்தைத் தாண்டி.